22 கேள்விகள்

சென்ற புதன்கிழமை காலை பத்து மணி இருக்கும். எதிர்வீட்டுப் பையன் கையில் ஒரு கத்தை காகிதத்தோடு எங்கள் திண்ணைக்கு வந்தான். எம்.பி.ஏ. இரண்டாம் ஆண்டு. சுற்றுலாவும் ஹோட்டல் நிர்வாகமும் சிறப்புப் பாடம். நல்ல பிள்ளை. அவன் தாத்தாவும் நானும் ஒன்றாகப் படித்தவர்கள்.

"தாத்தா, நீங்க ஹோட்டல்லதானே வேலை பார்த்தீங்க? இதை ஒண்ணு ஃபில்லப் பண்ணிக் கொடுங்களேன்."

கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். கும்பகோணம் தங்கும் விடுதிகளில் வாடிக்கையாளர் மனநிறைவு பற்றிய கேள்வித்தாள். இடப்பக்கம் வாக்கியங்கள், வலப்பக்கம் ஐந்து கட்டங்கள். 'முற்றிலும் உடன்படுகிறேன்' என்பதில் ஆரம்பித்து 'முற்றிலும் மறுக்கிறேன்' என்பதில் முடிகிற அதே பழைய ஐந்து கட்டங்கள்.

"ஏம்ப்பா, எனக்கு இதே ஊர்ல சொந்த வீடு இருக்கு. நான் எதுக்கு இங்க லாட்ஜ்ல ரூம் போடப்போறேன்?"

"அது பரவால்ல தாத்தா. சும்மா டிக் அடிங்க. நூத்தி இருபது வேணும், தொண்ணூத்தாறு ஆயிடுச்சு."

சிரித்துவிட்டேன். அவனும் சிரித்தான். காகிதத்தை வைத்துவிட்டுப் போ, நாளைக்குத் தருகிறேன் என்று அனுப்பினேன். அவன் போன பிறகுதான் சிரிப்பு நின்றது. இப்படிப்பட்ட கேள்வித்தாள்களின் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுப் பிழைத்தவன் நான். இந்தக் கட்டுரையில் யாரையாவது திட்டுவது போலிருந்தால், முதல் அடி எனக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தெரியாதவர்களுக்காக என் ஜாதகம் சுருக்கமாக. 1974-ல் மகாமகக் குளத்துக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் பேரேடு எழுதப் போனேன். அங்கிருந்து சென்னை. ஃப்ரன்ட் ஆபீசில் நின்றே காலம் போயிற்று. நின்றே என்று சொல்வதைக் கவனிக்கவும், பிறகு வருகிறேன். 31 வருஷம் ஹோட்டல் வேலைக்குப் பிறகு, அனுபவஸ்தர் என்று ஒரு தனியார் கல்லூரியில் ஹோட்டல் மேனேஜ்மென்ட் சொல்லிக்கொடுக்கக் கூப்பிட்டார்கள். ஒன்பது வருஷம் அங்கே. 2014-ல் ஓய்வு. அந்த ஒன்பது வருஷத்தில் மாணவர்களின் ஆய்வறிக்கைகள் குறைந்தது அறுபதுக்காவது நான் வழிகாட்டி. அறுபதில் ஐம்பது 'வாடிக்கையாளர் மனநிறைவு'. ஊர் பெயர் மட்டும் மாறும். தஞ்சாவூரில் மனநிறைவு, திருச்சியில் மனநிறைவு, வேளாங்கண்ணியில் மனநிறைவு. படித்துப் பார்த்தால் தமிழ்நாட்டில் மனம் நிறையாத ஆளே இல்லை என்று தோன்றும்.

இந்தக் கேள்வித்தாளின் மூலம் எங்கே இருக்கிறது என்று சொல்கிறேன். சர்வ்குவால் என்று பெயர். சேவையின் தரத்தை அளக்கும் கருவி. செய்தவர்களில் முதல் பெயர் பரசுராமன். நம் ஆள்தான், சென்னை ஐ.ஐ.டி.யில் படித்துவிட்டு அமெரிக்கா போனவர். அவரும் சைத்தமல், பெர்ரி என்ற இருவரும் சேர்ந்து 1985-ல் முதல் கட்டுரை எழுதினார்கள். 1988-ல் 22 வாக்கியங்கள் கொண்ட அளவுகோல் வந்தது. உலகம் முழுக்க இத்தனை பேர் எடுத்தாண்ட வேலை இந்தத் துறையில் வேறு அதிகம் இல்லை. நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. குறை சொல்ல எனக்கு யோக்கியதையும் கிடையாது.

ஆனால் ஒன்று. அவர்கள் முதலில் எதை ஆராய்ந்தார்கள் தெரியுமா? வங்கி, கிரெடிட் கார்டு, பங்குத் தரகு, சாமான் ரிப்பேர் என்று நாலு தொழில். அதில் ஹோட்டல் இல்லை! இன்னொன்று, அவர்கள் எடுத்த எடுப்பில் கட்டம் போடவில்லை. முதலில் வாடிக்கையாளர்களைக் குழுக் குழுவாக உட்காரவைத்துப் பேசவிட்டுக் கேட்டார்கள். நிர்வாகிகளைத் தனித்தனியாகப் பார்த்துப் பேசினார்கள். அப்படிக் கேட்டதிலிருந்து பிறந்தவைதான் அந்த வாக்கியங்கள். நாம் வாக்கியங்களை மட்டும் இறக்குமதி செய்துகொண்டோம். உட்கார்ந்து கேட்கிற வேலை கப்பலில் ஏறவே இல்லை.

எங்கள் கல்லூரியில் நடந்ததைச் சொல்கிறேன். சமர்ப்பிக்கும் தேதிக்கு இரண்டு நாள் முன்னால் ஹாஸ்டலில் விளக்கு அணையாது. நாலு பையன்கள், நாலு நிறப் பேனா. ஒருவன் வலது கையால், ஒருவன் இடது கையால். விடிவதற்குள் நூற்றைம்பது 'விருந்தினர்கள்' வந்து தங்கி மனம் நிறைந்து போய்விடுவார்கள். அதைக் கணினியில் போட்டால் ஆல்ஃபா என்று ஓர் எண் வரும். 0.7-க்கு மேல் இருந்தால் நம்பகமானது என்று பொருள். எங்கள் பிள்ளைகளுக்கு 0.9-க்குக் குறைந்து வந்ததே இல்லை. ஒரே அறையில் ஒரே பிளாஸ்கில் டீ குடித்துக்கொண்டு நிரப்பினால் பதில்கள் ஒத்துப்போகாமல் என்ன செய்யும்? எனக்குத் தெரியும். தெரிந்தே கையெழுத்துப் போட்டேன். ஒருமுறை ஓர் அறிக்கையில் எங்கள் பக்கத்து ஊர் லாட்ஜில் நீச்சல் குளம் மிகத் திருப்திகரம் என்று வந்தது. அந்த லாட்ஜில் கிணறுகூடக் கிடையாது.

இதெல்லாம் தமாஷ் என்று சிரித்துவிட்டுப் போகலாம். போகமுடியாமல் செய்தவள் ஒரு பெண்.

2011 என்று ஞாபகம். பாபநாசம் பக்கத்திலிருந்து வந்து படித்தவள். பெயர் வேண்டாம். எங்கள் படிப்பில் ஒரு செமஸ்டர் முழுக்க ஏதாவது ஒரு ஹோட்டலில் பயிற்சிக்குப் போகவேண்டும். அவளுக்கு ஹவுஸ்கீப்பிங்கில் போட்டார்கள். திரும்பி வந்தபோது பையிலிருந்து ஒரு சின்ன பாக்கெட் டைரியை எடுத்து மேஜைமேல் வைத்தாள். தினமும் எண்ணி எழுதியிருக்கிறாள். ஒரு ஷிஃப்டில் ஒரு அம்மா எத்தனை ரூம் செய்கிறார், எத்தனை தடவை குனிகிறார், டாய்லெட் டைலைத் தேய்க்க எத்தனை நேரம் முட்டி போடுகிறார். "ஒரு டபுள் பெட்டுக்கு விரிப்பு மாத்த எட்டு தடவை மெத்தையத் தூக்கணும் சார். செக்-அவுட் அதிகமான நாள்ல பதினாறு ரூம். அந்த அக்கா லஞ்ச் சாப்பிடறதே இல்ல, உட்கார்ந்தா எழுந்திரிக்க முடியாதுன்னு." இதைத்தான் ஆய்வுக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றாள்.

தலைப்பை முடிவு செய்ய ஒரு குழு உண்டு. அதில் நானும் ஒருவன். ஒருவர் கேட்டார்: "இதில் சார்பு மாறி எது, சாரா மாறி எது?" இன்னொருவர், "தியரி என்ன?" மூன்றாமவர், "இதெல்லாம் யூனியன் விவகாரம்மா, நம்ம பிள்ளைகளுக்கு அந்த ஹோட்டல்லதான் வேலை கிடைக்கணும்" என்றார். உண்மையைச் சொன்னவர் அந்த மூன்றாமவர்தான். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் பழைய ஹோட்டல்காரன் அல்லவா, சொல்லுவேன் என்று நினைத்திருப்பாள். நான் வாயைத் திறக்கவில்லை. ஒப்பந்தத்தில் இருந்த ஆள் நான். வருஷா வருஷம் புதுப்பிக்கவேண்டும். அவள் தலைப்பு வாடிக்கையாளர் மனநிறைவு என்று மாற்றப்பட்டது. நல்ல மதிப்பெண் வாங்கினாள். பாக்கெட் டைரி அறிக்கையில் எங்கும் வரவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு, படிக்க நேரம் கிடைத்தபோதுதான் தெரிந்தது. அமெரிக்காவில் லாஸ் வேகாஸ் நகரத்து ஹோட்டல்களில் ரூம் சுத்தம் செய்யும் பெண்களைப் பற்றி இதே ஆய்வை நடத்தியிருக்கிறார்கள். அந்தப் பெண்களையே கூட்டாளிகளாகச் சேர்த்துக்கொண்டு வேலைப்பளுவையும் வலியையும் கணக்கெடுத்து 2005-ல் கிரவுஸ் என்பவரும் சகாக்களும் மருத்துவ ஆய்விதழில் வெளியிட்டார்கள். கலிஃபோர்னியா மாநிலத்தில் ஹவுஸ்கீப்பிங் ஊழியரின் தசை, எலும்பு பாதிப்பைத் தடுக்கவென்றே தனி விதி 2018-ல் அமலுக்கு வந்தது. எங்கள் குழு 'தியரி என்ன' என்று கேட்டபோது, அந்தக் கட்டுரை வெளிவந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. பாபநாசத்துப் பெண் அதைப் படிக்கவில்லை. படிக்காமலே அந்தக் கேள்விக்கு வந்து சேர்ந்தாள். படித்த நாங்கள்தான் விரட்டினோம்.

நல்ல ஆய்வு எப்படி இருக்கும் என்பதற்கு இன்னும் ஒரு உதாரணம் சொல்லாமல் விடமாட்டேன், ஏனென்றால் எனக்கு அதில் கொள்ளை ஆசை. வில்லியம் ஃபூட் வைட் என்ற சமூகவியலாளர் 1940-களில் அமெரிக்க உணவகங்களுக்குள் போய்ப் பார்த்தார். பரிமாறும் பெண்கள் ஏன் அழுகிறார்கள், சமையல்காரர்கள் ஏன் எரிந்து விழுகிறார்கள் என்று. அவர் கண்டது இது: சமையல்காரனுக்குத் தன்னைவிடக் கீழான நிலையில் இருக்கும் பெண் தனக்கு உத்தரவு போடுவது பொறுக்கவில்லை. அதற்கு ஒரு வழி, ஆர்டர் சீட்டுகளைக் குத்திவைக்கும் கம்பி. பெண் சீட்டைக் குத்திவிட்டுப் போய்விடுவாள். சமையல்காரன் தானே எடுத்துப் பார்த்துக்கொள்வான். நேருக்கு நேர் உத்தரவு கிடையாது. சண்டையும் குறைந்தது. இதைப் படித்ததும் எனக்கு நம் ஊர் தோசைக்கல் முன்னால் நிற்கும் மாஸ்டர் ஞாபகம்தான் வந்தது. சப்ளையர் "மாஸ்டர், ரெண்டு ரோஸ்ட்" என்று கத்துகிற தொனியில் கொஞ்சம் அதிகாரம் தெரிந்தால் போதும், அந்த ரோஸ்ட் வர இருபது நிமிஷம். 'மாஸ்டரண்ணே' என்று ஒரு சொல் சேர்த்தால் ஐந்து நிமிஷம். இதை எந்த ஐந்து கட்டத்தில் டிக் அடிப்பது?

சரி, அது பழைய கதை, இப்போது ஆய்வுகள் முன்னேறிவிட்டன என்பார்கள். முன்னேறித்தான் இருக்கின்றன. பையன் தன் கைபேசியில் அவர்கள் துறைக் கருத்தரங்கின் தலைப்புகளைக் காட்டினான். செயற்கை நுண்ணறிவு, ரோபோ, மெட்டாவர்ஸ், நீடித்த வளர்ச்சி, வேலைக்குத் தகுதியுள்ள பட்டதாரிகளை உருவாக்குவது, இளந்தலைமுறை ஏன் ஹோட்டல் வேலையில் நிற்பதில்லை.

ரோபோவை எடுத்துக்கொள்வோம். ஜப்பானில் நாகசாகி மாவட்டத்தில் 2015-ல் ரோபோக்களே நடத்தும் ஹோட்டல் என்று ஒன்று திறந்தார்கள். வரவேற்பில் டைனோசர் ரோபோ நின்றது. அறைக்குள் ஒரு பொம்மை ரோபோ. விருந்தினர் குறட்டை விட்டால் அது ஏதோ கேட்கிறார் என்று நினைத்து ராத்திரி எழுப்பி 'என்ன வேண்டும்' என்று கேட்டதாம். 2019-ல் அங்கிருந்த 243 ரோபோக்களில் பாதிக்கு மேல் வேலையிலிருந்து நீக்கினார்கள். பணிநீக்கத்தில் ரோபோ முந்திக்கொண்டது. எங்கள் காலத்து ரூம் பாய் எவனாவது குறட்டைக்குக் கதவைத் தட்டியிருக்கிறானா? ரோபோவைப் பற்றி ஆராயவேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நம் ஊர் லாட்ஜில் லிஃப்டே பாதி நாள் ஓடுவதில்லை. அங்கே போய் 'ரோபோ சேவை குறித்த விருந்தினர் மனப்பான்மை' என்று கேள்வித்தாள் நீட்டுவது யாருக்காக?

'இளந்தலைமுறை ஏன் நிற்பதில்லை' என்ற தலைப்புதான் எனக்கு ரத்தக்கொதிப்பு ஏற்றுவது. நான் பார்த்த கேள்வித்தாள்களில் பிள்ளைகளின் மனப்பான்மை, பொறுமை, தன்னம்பிக்கை எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. சம்பளம் எவ்வளவு என்ற கேள்வி இல்லை. பிரேக் ஷிஃப்ட் பற்றி இல்லை. காலையில் நாலு மணி நேரம், நடுவில் மூன்று மணி நேரம் எங்கேயாவது போய்க் கிட, சாயங்காலம் மறுபடி வா என்பார்களே, அது. நாள் முழுக்க ஹோட்டலுக்கே போய்விடும். கணக்கில் எட்டு மணி நேரம்தான் இருக்கும். பயிற்சி என்ற பெயரில் வந்த பிள்ளைகளை வைத்துக் கல்யாண சீசனை ஓட்டிவிட்டு, கடைசியில் ஒரு சான்றிதழும் கை குலுக்கலும் கொடுத்தனுப்புகிற இடங்கள் எனக்கு நேரில் தெரியும். அப்படி அனுப்பப்பட்ட பையன் மறுவருஷம் செல்போன் கடையில் சேர்ந்தால், அவனிடம் பொறுமை இல்லை என்று ஆய்வு வரும்.

ஏன் இப்படி ஆயிற்று? பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை. ஆசிரியர்களையும் முழுக்கச் சொல்லமாட்டேன். 2010-ல் பல்கலைக்கழக மானியக் குழு ஒரு புள்ளிக் கணக்கு கொண்டுவந்தது. கட்டுரைக்கு இத்தனை புள்ளி, கருத்தரங்குக்கு இத்தனை புள்ளி, புள்ளி சேர்ந்தால் பதவி உயர்வு. அதற்குப் பிறகு எங்கள் ஆசிரியர் அறையில் பேச்சே மாறிவிட்டது. பணம் கட்டினால் ஒரு வாரத்தில் அச்சிடும் 'சர்வதேச' ஆய்விதழ்கள் மழைக்காளான் மாதிரி முளைத்தன. 2018-ல் மானியக் குழுவே தன் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை ஒரே வீச்சில் நீக்கியது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு வேறொரு பட்டியல் போட்டார்கள். 2025-ல் அதையும் கைவிட்டார்கள். பட்டியல்கள் வந்து போயின. கட்டம் போட்ட கேள்வித்தாள் மட்டும் நிலைத்துவிட்டது.

நோய் நம் ஊரோடு நிற்கவில்லை. வியாபாரக் கல்வி வெறும் தொழில் பயிற்சியாக இருக்கிறது, ஆராய்ச்சி வேண்டும் என்று 1959-ல் அமெரிக்காவில் ஃபோர்டு, கார்னகி அறக்கட்டளைகள் இரண்டும் அறிக்கை விட்டன. நியாயமான புகார்தான். ஆனால் 2005-ல் பென்னிஸ், ஓ'டூல் என்ற இரண்டு பேராசிரியர்கள், பிசினஸ் கல்லூரிகள் நேர் எதிர்த் திசையில் வழிதவறிவிட்டன, நிஜத் தொழிலை விட்டுவிட்டு எண்ணக்கூடியதை மட்டும் எண்ணிக்கொண்டிருக்கின்றன என்று எழுதினார்கள். ஹோட்டல் கல்வியின் வேர் அப்படிப்பட்டதல்ல. 1893-ல் சுவிட்சர்லாந்தின் லோசானில் முதல் ஹோட்டல் பள்ளி ஆரம்பித்ததே ஒரு ஹோட்டலுக்குள்தான். நம் நாட்டில் 1954-ல் பம்பாயில் லீலாவதி முன்ஷியின் முயற்சியில் முதல் கேட்டரிங் கல்லூரி வந்தது. நாட்டில் உணவுத் தட்டுப்பாடு இருந்த காலம். சோறு சம்பந்தப்பட்ட கவலையில் பிறந்த படிப்பு இது. சென்னையில் 1963-ல் வந்தது. இப்படிப் பிறந்தது இன்று எதை எண்ணிக்கொண்டிருக்கிறது?

எண்ணவேண்டியது எங்கள் ஊரிலேயே கொட்டிக்கிடக்கிறது. நவகிரகக் கோயில்களுக்கு வேனில் வருகிறார்களே, அந்த டிரைவர் ராத்திரி எங்கே படுக்கிறார்? பாதிப் பேர் ஸ்டியரிங்மேல் காலைப் போட்டுக்கொண்டு வேனிலேயேதான். மறுநாள் காலை சூரியனார்கோவில் போகிற குடும்பத்தின் உயிர் அந்தத் தூக்கத்தில் இருக்கிறது. விடுதிகளில் டிரைவர்களுக்குப் படுக்க இடம் வேண்டும் என்று 2023-ல் தமிழக அரசு கட்டட விதியைத் திருத்தியது. நல்ல காரியம். எத்தனை லாட்ஜில் நடைமுறைக்கு வந்தது என்று நடந்து போய் எண்ணினாலே ஒரு ஆய்வறிக்கை தயார். 2021-ல் கடை ஊழியர்களுக்கு உட்கார நாற்காலி கொடுக்கவேண்டும் என்று சட்டம் வந்தது. துணிக்கடைப் பெண்களை மனதில் வைத்து வந்தது. 31 வருஷம் வரவேற்பில் நின்றவன் நான். முழங்காலுக்குக் கீழே நரம்பு சுருட்டிக்கொண்டு, இன்றைக்கும் உறை போட்டுக்கொண்டுதான் நடக்கிறேன். ஃப்ரன்ட் ஆபீசில் நாற்காலி வைத்தால் விருந்தினர் உண்மையில் கோபித்துக்கொள்கிறாரா என்று எங்கள் துறையில் யாரும் என்னிடம் கேட்டதில்லை. நானும் என் மாணவர் யாரையும் கேட்கச் சொன்னதில்லை.

அப்புறம் மகாமகம். 2016-ல் நடந்தது, அடுத்தது 2028. இதோ வந்துவிட்டது. அத்தனை லட்சம் ஜனம் வருகிற ஊரில் பெண்கள் எங்கே ஒதுங்குவார்கள், வயதானவர்கள் குளத்திலிருந்து எப்படி வெளியே வருவார்கள், லாட்ஜ் வாடகை அந்தப் பத்து நாளில் எத்தனை மடங்கு ஏறுகிறது, ஏழை யாத்திரிகர் எங்கே படுக்கிறார். சுற்றுலாத் துறை மாணவன் ஒருவன் இப்போதே ஆரம்பித்தால் ஊருக்கே உபயோகம். ஆனால் அதற்கு ரெடிமேட் கேள்வித்தாள் கிடையாது.

வியாழக்கிழமை பையன் வந்தான். காகிதத்தை நிரப்பாமலே திருப்பிக் கொடுத்தேன். முகம் சுருங்கிவிட்டது. "கோவிச்சுக்காதப்பா. நாளைக்குக் காலைல பத்து மணிக்கு, செக்-அவுட் நேரத்துல, நான் சொல்ற லாட்ஜுக்குப் போ. மேனேஜர் எனக்குத் தெரிஞ்சவர், சொல்லி வைக்கிறேன். ஒரு காகிதமும் எடுத்துட்டுப் போகாதே. ரூம் சுத்தம் பண்ற அம்மா கூடவே ஒரு ரெண்டு மணி நேரம் நட. தூக்கச் சொன்னா மெத்தையைத் தூக்கு." அரைமனதாகத்தான் தலையாட்டினான்.

போயிருக்கிறான். நேற்று சாயங்காலம் வந்து திண்ணையில் உட்கார்ந்து, முதலில் இடுப்பைப் பிடித்துக்கொண்டான். பிறகு கைபேசியில் எழுதிவைத்திருந்ததைப் படித்துக் காட்டினான். பதினோரு ரூம். மூன்றாவது மாடிக்குத் தண்ணீர் வராததால் கீழேயிருந்து பக்கெட்டில் சுமக்கிறார்கள். அந்த அம்மாவுக்கு வயது 58. விருந்தினர் விட்டுப்போன பாதி சோப்பை வீட்டுக்கு எடுத்துப் போக அனுமதி உண்டு, ஷாம்பூவுக்குக் கிடையாது. இன்னும் நிறைய எழுதியிருந்தான்.

படித்து முடித்துவிட்டுக் கேட்டான்:

"தாத்தா, அடுத்த வெள்ளிக்கிழமை சப்மிட் பண்ணணும். இதை எந்த சாப்டர்ல சேர்க்கறது?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவன் கைடின் நம்பரைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். நாளைக் காலை பேசப்போகிறேன்.